கார் ஹீட்டரில் குளிர்காற்று வருதா? முதல்ல கூலன்ட்டைப் பாருங்க!

சென்னையிலோ மதுரையிலோ கார் ஓட்டுபவர்கள் ஹீட்டர் பக்கம் கையே வைப்பதில்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி போகும்போதுதான் அதன் நினைப்பே வரும். உறைபனி படர்ந்த அதிகாலையில் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினால், வருவதோ ஜில்லென்ற காற்று. ‘ஸ்வெட்டர் இருக்கே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், சில நேரங்களில் அந்தக் குளிர்காற்று இன்ஜின் கொடுக்கும் முன்னெச்சரிக்கை.

பெட்ரோல், டீசல் கார்களில் வெப்பத்தை உண்டாக்கத் தனிக் கருவி பெரும்பாலும் கிடையாது. இன்ஜினைக் குளிர்விக்க ஓடும் கூலன்ட்தான் சூட்டை எடுத்து வருகிறது. அதில் ஒரு பகுதி டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டர் போன்ற ‘ஹீட்டர் கோர்’ வழியாகப் போகும். அதன்மேல் ஃபேன் காற்றை ஊதும். அந்தச் சூடான காற்றுதான் நமக்கு வருகிறது. அதனால் வண்டியை ஸ்டார்ட் செய்து முதல் ஐந்து, பத்து நிமிடம் குளிர்காற்று வந்தால் பயப்பட வேண்டாம். இன்ஜின் சூடாகவே அவ்வளவு நேரம் ஆகும்.

அதற்குப் பிறகும் சூடு வரவில்லையா? முதல் சந்தேகம் கூலன்ட் குறைந்துவிட்டதா என்பதுதான். பல கார்களில் ஹீட்டர் கோர் சற்று உயரத்தில் இருக்கும். கூலன்ட் குறைந்ததும் அங்கே காற்று புகுந்துகொள்ளும். வெப்பமானி முள் ஏறுவதற்கு முன்பே ஹீட்டர் கைவிடுவது இதனால்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. கூலன்ட் மிகவும் குறைந்துவிட்டால், சென்சாரைத் தொட்டுக்கொண்டிருக்க திரவமே இருக்காது. முள் சாதாரணமாகக் காட்டும்; உள்ளே இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது முள்ளும் ஏறுகிறது, ஹீட்டரிலும் குளிர்காற்றுதான் வருகிறது என்றால், ‘அடுத்த வளைவு வரைக்கும் போயிடலாம்’ என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி, உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். மீறி ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். சிலிண்டர் ஹெட்டே வளைந்துபோகவும் வாய்ப்புண்டு. சில நூறு ரூபாய் கூலன்ட்டில் முடிய வேண்டியது பல ஆயிரங்களில் போய் நிற்கும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி கழன்றதும் பீறிட்டு முகத்தில் அடிக்கும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பக்கத்து டேங்கில் அளவு ‘மின்’, ‘மேக்ஸ்’ கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுவதோடு விஷயம் முடிந்துவிடாது. மூடிய அமைப்பில் கூலன்ட் சும்மா குறையாது. எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

‘நம்ம ஊர்ல பனியா பெய்யுது, தண்ணியே போதும்’ என்ற பழக்கமும் ஹீட்டருக்கு எமன். கூலன்ட்டின் வேலை உறையாமல் இருப்பது மட்டுமல்ல. துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும்தான். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். வெயிலுக்கு வேண்டாம் என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அப்புறம் இன்ஜின் சரியாகச் சூடாகாது, ஹீட்டரும் வெதுவெதுப்போடு நின்றுவிடும், மைலேஜும் குறையும்.

கூலன்ட் சரியாக இருந்தும் குளிர்காற்று வந்தால், மெக்கானிக் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்ப்பார். ஒன்று சூடு, மற்றொன்று குளிர்ச்சி என்றால் கோர் அடைப்பு, அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டுமே சூடாக இருந்தால் குளிர், சூடு காற்றைக் கலக்கும் கதவில் கோளாறு. கேபிள் கழன்றிருக்கலாம், மோட்டார் போயிருக்கலாம். குமிழைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ சத்தம் கேட்டால் பெரும்பாலும் இதுதான். இரண்டும் ஆறியிருந்தால் தெர்மோஸ்டாட் அல்லது வாட்டர் பம்ப்பைப் பார்க்க வேண்டும்.

கோரில் அடைப்பு என்றவுடன் புதிது மாற்றச் சம்மதிக்காதீர்கள். பல கார்களில் அதற்கு டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், கூலி எகிறிவிடும். எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவினாலே பல நேரம் சரியாகிவிடும். ஆனால் காருக்குள் இனிப்பு வாசனை, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போன்ற மூட்டம், முன்சீட் கார்பெட்டில் ஈரம் என்றிருந்தால் கோர் கசிகிறது. அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். பொதுவாகக் கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், பூனையும் நக்கலாம். சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

ஒரு ஆறுதல்: ஊட்டியிலிருந்து இறங்கும்போது மட்டும் ஹீட்டர் சற்று மந்தமானால், அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை. ஆக்ஸிலேட்டரில் கால் இல்லாதபோது இன்ஜினில் எரியும் எரிபொருள் மிகக் குறைவு, சூடும் குறையும். டீசல் வண்டிகளில் இது நன்றாகவே தெரியும். சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகும் சூடு திரும்பவில்லை என்றால்தான் ஒர்க்‌ஷாப்புக்கு விட வேண்டும்.