கூரைமேல் நிற்கும் கம்பி

மத்திய அரசாங்கம் நடத்தும் பரீட்சையில் தேறி, அனுமதிப் பத்திரமும் அழைப்புக் குறியும் பெற்று, வீட்டின் ஓர் அறையில் அமர்ந்தபடியே கடல் கடந்த நாட்டினரோடு வானலை வழியாக உரையாடும் பாக்கியத்தை அடைந்த ஹாம் வானொலி அன்பர்கள், தம் சேமிப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டு உயர்ந்த ரக டிரான்ஸீவர் ஒன்றை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, கையில் எஞ்சிய சொற்பப் பணத்தில் ஆன்டெனாவைப் பற்றி யோசிக்கத் தொடங்குவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்துவருகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான அபிப்பிராயம். சாதனத்தின் சக்தியை இரட்டிப்பாக்கினால் நம் குரல் அயலார்க்குச் சற்றே உரக்கக் கேட்கும் என்பது மெய்யாயினும், அவர்கள் குரல் நம் காதில் விழுவதற்கு அந்தச் சக்தி இம்மியும் உதவாது. நல்ல ஆன்டெனாவோ அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஒருங்கே துணைசெய்கிறது. ஆகவே, பணத்தையும் பிரயாசையையும் முதலில் வேண்டி நிற்பது வீட்டிற்கு வெளியே உள்ள கம்பியே.

அந்தக் கம்பிகளுள் எளிமையிலும் பிரயோஜனத்திலும் முதல் ஸ்தானத்திற்கு உரியது டைபோல். 143 என்ற எண்ணை, நாம் பேச விரும்பும் அதிர்வெண்ணின் மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால், வேண்டிய கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிடைத்துவிடும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர், 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு அதில் பாதி. செம்புக் கம்பியை இந்த நீளத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே வெட்டி, நடுவில் துண்டித்து, அந்த இடத்தில் கேபிளை இணைத்து, இரு முனைகளையும் இன்சுலேட்டர் கட்டிய கயிற்றால் இழுத்து நிறுத்தினால் ஆன்டெனா தயார். பிறகு, கம்பி அந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்தவாறே இரு முனைகளிலும் சமமாகச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். வெட்டியதை மீண்டும் ஒட்டுவது சிரமமாகையால், முதலில் நீளமாக விடுவதே விவேகம்.

இரண்டு முனைகளையும் உயரத்தில் கட்ட இரண்டு கம்பங்கள் இல்லாதவர்கள், ஒரே கம்பத்தின் உச்சியில் கம்பியின் நடுப்பகுதியை ஏற்றி, இரு கைகளையும் சரிவாக இறக்கி, தலைகீழ் 'வி' வடிவில் அமைக்கலாம். 10 மீட்டர் உயரக் கம்பம் ஒன்றிருந்தால், 7 மெகாஹெர்ட்ஸுக்குரிய டைபோலின் கைகள் 45 பாகைச் சரிவில் இறங்கி, தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் முடிவுறும். பக்கத்திற்கு 7 மீட்டராக மொத்தம் 14 மீட்டர் இடத்திலேயே அடங்கும். 60 அடி நீள மனைக்குள் இது தாராளமாக அமையும். கைகளுக்கிடையே உள்ள கோணம் 90 பாகைக்குக் குறையாதிருப்பது நலம். ஒலிபரப்பும் வேளையில் கம்பியின் முனைகளிலேதான் மின்னழுத்தம் மிகுதியாக இருக்குமாதலால், குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் அவற்றை ஒருபோதும் விடலாகாது.

கம்பி எந்தத் திசையில் ஓடவேண்டும் என்பதும் யோசிக்கத்தக்க விஷயம். டைபோல் தன் முனைகளின் திசையில் மிகக் குறைவாகவும், தனக்குச் செங்குத்தான இரு பக்கங்களிலும் மிகுதியாகவும் அலையை வீசும் இயல்புடையது. சென்னையிலுள்ள ஒருவர் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கம்பியை இழுத்துக் கட்டினால், அதன் ஒரு பக்கம் வடமேற்கே ஐரோப்பாவையும், மறுபக்கம் தென்கிழக்கே ஆஸ்திரேலியாவையும் நோக்கி நிற்கும். ஒரே கம்பியால் இரு கண்டங்கள் கிட்டுவது நம் பூகோளம் நமக்கு அளித்த சௌகரியம். ஆனால் இந்தத் திசைக் குணம் வெளிப்பட வேண்டுமானால் கம்பிக்குப் போதிய உயரம் வேண்டும்.

உயரத்தின் ரகசியம் அலைநீளத்தில் இருக்கிறது. அரை அலைநீள உயரத்தில் கட்டிய டைபோல், அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகைச் சாய்வில் அலையை அனுப்ப, அது வானத்திலுள்ள அயனி மண்டலத்தைத் தொட்டு நெடுந்தூரம் தாண்டி இறங்குகிறது. கால் அலைநீள உயரத்திலோ பெரும்பகுதி அலை நேரே மேல்நோக்கிச் சென்று, சில நூறு மைல்களுக்குள்ளாகவே மழைபோல் திரும்பிவிடுகிறது. 10 மீட்டர் என்பது 14 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளமும் 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளமும் ஆகும்; ஆகவே அவ்வுயரமுள்ள அதே கம்பம், 14 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பாவை எட்டுவதற்கும், 7 மெகாஹெர்ட்ஸில் காலைப் பொழுதுகளில் மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி அன்பர்களோடு அளவளாவுவதற்கும் ஏற்றதாக அமைகிறது. நம் மாநிலத்திற்குள் பேசுவதே குறிக்கோளாகக் கொண்டவர், உயரம் போதவில்லையே என்று வருந்தக் காரணமில்லை; அவருடைய காரியத்திற்குத் தாழ்ந்த கம்பியே உத்தமம்.

மேஜைக்கும் கம்பிக்கும் இடையே ஓடும் கோஆக்ஸியல் கேபிளை அற்பமாக எண்ணுவோர் பலர். ஆர்.ஜி.58 என்னும் மெல்லிய கேபிள், 7 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் நீளத்திற்குக் கால் பங்கு சக்தியைத்தான் விழுங்கும். அதே கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் நான்கில் மூன்று பங்கை வெப்பமாக்கி வீணாக்கிவிடும். தடித்த ஆர்.ஜி.213 கேபிளில் இந்த நஷ்டம் ஏறக்குறைய பாதியோடு நின்றுவிடுகிறது. கேபிளுக்குள் மழைநீர் புகுந்துவிட்டால் எந்தக் கணக்கும் நில்லாது. இணைப்புகளின்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இறுக்கிச் சுற்றுவதும், வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழ்நோக்கி வளைத்து நீர் சொட்டிப்போக விடுவதும் சிறு வேலைகள்தாம், ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலையம் பிழைத்திருப்பதும் மடிவதும் அவற்றைப் பொறுத்தவை. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் குறைந்த எண்ணைக் காட்டுகிறது என்பதனால் மட்டும் ஆன்டெனா சிறந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அலையையே வீசாத டம்மி லோடும் அந்த மீட்டரில் குற்றமற்ற அளவையே காட்டும். நனைந்து கெட்ட கேபிளும் அப்படியே.

கீழ் அதிர்வெண்களில் கம்பியை விரிக்க இடமில்லாதவர்கள் செங்குத்தாக நிற்கும் கால் அலைநீள ஆன்டெனாவை நாடலாம். அதற்கு அடியில் பல திசைகளிலும் பரப்பிய ரேடியல் கம்பிகள் அவசியம்; அவற்றில் லோபம் காட்டினால் சக்தி மண்ணுக்கே அர்ப்பணமாகும். 145 மெகாஹெர்ட்ஸில், நம் குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் உள்ளூர் ரிபீட்டர் வழியாகப் பேசுவோருக்கோ அரை மீட்டர்க் குச்சியும் அதனடியில் நான்கு ரேடியல்களும் போதும்.

இவற்றையெல்லாம் கடந்து மேலே செல்ல விரும்புவோர் மனத்தைக் கவர்வது யாகி. ஜப்பானில் ஸெண்டாய் நகரத்துத் தோஹோகு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷிந்தாரோ உடா, பேராசிரியர் ஹிடெட்ஸுகு யாகியோடு சேர்ந்து 1926-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த அமைப்பு இது. பரிசோதனைகளின் பெரும்பாரத்தைச் சுமந்தவர் உடாவே என்பதால், யாகி-உடா என்று இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். மின்சாரம் ஊட்டப்பெறும் டைபோலுக்குப் பின்னால் சற்று நீண்ட குழாயையும் முன்னால் சற்றுக் குறுகிய குழாயையும் நிறுத்தினால், வாயருகே கைகளைக் குவித்துக் கூவுவதுபோல, அலை ஒரே திசையில் திரண்டு செல்கிறது. நன்கமைந்த மூன்று குழாய் யாகி, அதே உயரத்திலுள்ள டைபோலைக் காட்டிலும் தன் திசையில் மூன்று நான்கு மடங்கு சக்தியோடு ஒலிக்கும். 145 மெகாஹெர்ட்ஸில் அதன் குழாய்கள் ஒரு மீட்டர் நீளமே. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேகிய ஹாம்சாட் துணைக்கோளின் வழியே பேசியவர்களுள், மொட்டைமாடியில் நின்று சிறிய யாகியைக் கையிலேயே பிடித்து வானத்தை நோக்கித் திருப்பியவர்கள் உண்டு. 14 மெகாஹெர்ட்ஸ் யாகியோ 10 மீட்டர் நீளக் குழாய்கள் மூன்றைத் தாங்கியது. அதைத் திருப்ப ரோடேட்டர் மோட்டாரும், ஏந்தி நிற்க டவரும் வேண்டும். இங்கேதான் வானொலி சாஸ்திரம் முடிந்து, காற்றின் சாஸ்திரம் ஆரம்பமாகிறது.

காற்றை மதியாதவர்கள் படும் பாட்டுக்கு, மார்க்கோனியே சாட்சி. அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிச் செய்தி அனுப்பும் நோக்கத்தோடு இங்கிலாந்தின் போல்டூவில் அவர் வட்டமாக நாட்டிய, 200 அடி உயரமுள்ள 20 கம்பங்களும் 1901 செப்டம்பரில் வீசிய புயலில் சரிந்து வீழ்ந்தன. அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தில் அவர் செய்தியைக் கேட்டதாக அறிவித்தபோது, அவருக்கு உதவியது பட்டத்தில் கட்டி வானில் ஏற்றிய ஒற்றைக் கம்பிதான்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்ற நியதியை டவர் எழுப்ப நினைக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதிகள், கணக்கிட வேண்டிய அடிப்படைக் காற்று வேகத்தைச் சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர் என்றும், மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39 மீட்டர் என்றும் வகுத்திருக்கின்றன. வேகத்தில் கால்வாசி போலத் தோன்றும் இந்த வித்தியாசம், அழுத்தத்தில் பெரிதாகிவிடுகிறது: ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் சென்னையில் சுமார் 150 கிலோ எடைக்கு நிகரான தள்ளுவிசை, மதுரையில் சுமார் 90 கிலோ. மதுரை நண்பர் வீட்டில் பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் டவரைப் பார்த்து அதே அளவில் சென்னையில் நாட்டுவது எத்தகைய அபாயம் என்பதை, 2016 டிசம்பர் 12-இல் வார்தா புயலைக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகையால், ஜி.ஐ. பைப்பாலான கம்பமாயினும், பின்னல் டவராயினும், ஸ்டே கம்பிகள் மூன்று திசைகளில் 120 பாகை இடைவெளியில் இறங்கி, கம்பத்தின் உயரத்தில் பத்தில் ஆறு முதல் எட்டுப் பங்கு தூரத்தில் நங்கூரமிடப்பட வேண்டும். டர்ன்பக்கிளால் மூன்றையும் சீராக இறுக்க வேண்டும். அலையோடு ஒத்ததிராதபடி இடையிடையே முட்டை இன்சுலேட்டர்களால் துண்டாட வேண்டும். மொட்டைமாடியில் நிறுவுவோர், செங்கல்லால் கட்டிய கைப்பிடிச் சுவரை நம்பி அதில் ஸ்டேயைக் கட்டுவது பெரும் பிழை. அந்தச் சுவர் காற்றோடு மல்லாடக் கட்டப்பட்டதன்று. தூண்களும் உத்தரங்களும் ஓடும் இடத்தையே தேடி, தளத்தைத் துளைத்து ஒழுக்கை வரவழைக்காமல், பொறியாளர் ஒருவரின் ஆலோசனையோடு பிணைக்க வேண்டும். கடலோரவாசிகள் துத்தநாக முலாமிட்ட இரும்பையோ துருப்பிடிக்கா எஃகையோ தவிர வேறெதையும் ஏற்கலாகாது. தென்னையில் கம்பி கட்டுவோர், மரம் ஆடும்போது கம்பி அறாதபடி கயிற்றைக் கப்பியில் ஓட்டி, மறுமுனையில் ஒரு கல்லைத் தொங்கவிடுவது நல்லது.

இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. கம்பத்தின் அடிக்கும் தெருவில் ஓடும் மின்சார வாரியக் கம்பிக்கும் இடையேயுள்ள தூரம், ஆன்டெனா உட்படக் கம்பத்தின் முழு உயரத்தைக் காட்டிலும் அதிகமாக இருந்தே தீரவேண்டும். ஏற்றும்போது கை நழுவினாலும், பிறகு என்றோ ஒருநாள் சாய்ந்தாலும் அது மின்கம்பியைத் தொடாது என்ற நிச்சயம் இல்லாத இடத்தில் ஆன்டெனாவே வேண்டாம். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ நம் கம்பியைக் கடத்தவும் வேண்டாம். அற்புதமான நிலையம் ஒன்று கைவிட்டுப் போகிறதே என்ற ஆசை இவ்விடத்தில் தலைகாட்டலாகாது. மின்னலுக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். டவரையும் கேபிளின் உறையையும் தரையில் ஆழ அடித்த எர்த் கம்பிகளோடு இணைத்து, அவற்றை வீட்டின் மின்சார எர்த்தோடும் ஒன்றாகப் பிணைத்து, கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் மின்னல் தடுப்பானைப் பொருத்த வேண்டும். சித்திரை வைகாசியின் கோடை இடியும் ஐப்பசியின் மழை இடியும் நெருங்குமுன்பே கேபிளை அவிழ்த்து வெளியே போட்டுவிடுவது எல்லாவற்றிலும் சிறந்த காவல். இடி முழங்கத் தொடங்கியபின் அதைத் தொடுவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

விமான நிலையத்தின் சுற்றுப்புறத்தில் வசிப்போர் உயரத்திற்கு அனுமதி பெற வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பினர் அயலாரின் சம்மதத்தைப் பெற வேண்டும்.

கம்பத்தின் அடியைக் கீல்போட்டு அமைத்து, புயல் எச்சரிக்கை வந்தவுடன் இருவர் மூவராகச் சேர்ந்து சாய்த்து இறக்கும்படி செய்துகொள்வது கடலோர அன்பர்களுக்கு என் பிரத்தியேகமான விண்ணப்பம். அதோடு, 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிச் சரிபார்த்த டைபோல் ஒன்றைச் சுருட்டி, கேபிளும் கயிறும் சேர்த்து, வீட்டிற்குள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2004 டிசம்பரில், பல ஆண்டுத் தடை நீங்கி அந்தமானில் ஹாம் நிலையம் நடத்தச் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழுவினர் போர்ட் பிளேயரில் இருந்தபோதுதான், 26-ஆம் தேதிப் பூகம்பமும் ஆழிப்பேரலையும் அத்தீவுகளைத் தாக்கின. தொலைபேசி அறுந்துபோன அந்நாட்களில், உறவினரின் கதியறியாது தவித்தவர்களுக்குச் செய்தி சேர்த்தவற்றுள் அவர்களுடைய நிலையமும் ஒன்று. பேரிடர் வந்தபின் யாகியைத் தூக்கி நிறுத்த ஆளும் கிடைக்காது, அவகாசமும் இராது. சுருட்டி வைத்த கம்பியை ஒரு மரத்திற்கும் ஒரு ஜன்னலுக்கும் இடையே கட்டி, கார் பாட்டரியோடு சாதனத்தை இணைத்துவிட்டால், அரை மணி நேரத்திற்குள் அடுத்த மாவட்டத்தோடு பேசிவிடலாம்.