அடியார் காலடியில் அமைந்த பாதை

தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் வேல்தாங்கிப் புறப்படும் அடியார் கூட்டம், வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை என ஊர்தோறும் தங்கி, ஏறத்தாழ இரண்டு திங்கள் நடந்து கதிர்காமம் சேர்கின்றது. இப்பாதையை அமைத்தவர் யார்? அளந்து வகுத்த பொறியியலாளர் எவருமிலர். தலைமுறை தலைமுறையாக நடந்த கால்களே இதனை அமைத்தன. வழியூர் மக்கள் தோண்டிய கிணறும் கட்டிய மடமும் இட்ட அன்னமும் இதனைக் காத்தன.

அமெரிக்க நாட்டு அப்பலாச்சியன் மலைப்பாதையை உலகம் புகழ்கின்றது. பென்ரன் மக்கே என்பார் 1921இல் அதனை எண்ணினார். 1937இல் அது முற்றுப்பெற்றது. 1968இல் சட்டம் அதற்குக் காவலாயிற்று. ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீண்ட அப்பாதையை இன்றும் பேணுவோர் பெரும்பாலும் தொண்டர்களே. ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு சங்கம் பொறுப்பேற்றுள்ளது. நம் முன்னோர் மடங்களாற் செய்ததும் இதுவே அன்றோ?

நடப்பார் இல்லையேல் பாதையும் இல்லை. 1983இல் மூண்ட போரினால் வடக்கிலிருந்து செல்லும் யாத்திரை தடைப்பட்டது. 1988இல் சிலர் முயன்று யாத்திரைக்குப் புத்துயிர் அளித்தனர். 2009இல் போர் ஓய்ந்தபின் சந்நிதியிலிருந்தும் அடியார் மீண்டும் நடக்கலாயினர்.

உகந்தைக்கு அப்பால் ஊரில்லை. குமண, யால வனங்களே உள. யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் அக்காட்டு வழியை ஆண்டுக்குச் சில நாள்களே வனசீவராசிகள் திணைக்களம் திறந்துவிடுகின்றது. அந்நாள்களிற் பல்லாயிரவர் கடக்கின்றனர். இன்றைய இடர் இங்கேதான் உளது.

ஓர் ஆண்டு மாணவர் சிலருடன் நாமும் அவ்வழி நடந்தோம். குமுக்கன் ஆற்றைக் கடந்து நாவலடியை அணுகுகையில், வழியோரமெங்கும் பொலிதீன் பைகளும் வெற்றுப் போத்தல்களும் கிடந்தன. எம் மாணவன் ஒருவனும் தன் போத்தலைப் புதரில் எறிந்தான். உடன்வந்த முதியவர் ஒருவர் அதனை எடுத்துத் தம் பையில் இட்டுக்கொண்டு, “சாமி, பாரம் இறக்கத்தானே முருகனிடம் போகிறோம், அதைக் காட்டின் தலையில் இறக்கலாமோ?” என்றார். அவன் நாணித் தலைகுனிந்தான். அவனைத் தடுக்காத நாமும் நாணினோம். கதிர்காமம் சேரும்வரை எம் குழுவினர் குப்பை பொறுக்கியே நடந்தனர்.

பிளாவிற் கூழருந்திப் பனையோலைக் குட்டானிற் பண்டம் சுமந்த மரபினர் நாம். கொண்டு சென்றதை மீளக் கொணர்தலும், மூட்டிய தீயை முற்றாக அவித்தலும், விலங்குகட்கு உணவிடாமையும் நமக்கு அரியனவல்ல. கல்லூரிகளும் ஊர்ச் சபைகளும் ஒவ்வொரு கிணற்றையும் மடத்தையும் தத்தமதெனப் பேணுதல் வேண்டும்.

முன்னோர் நமக்கு ஒரு பாதையை விட்டுச் சென்றனர். பின்வருவோர்க்கு நாம் குப்பையை விட்டுச் செல்லலாகாது.