வாகனத்தை ஓட்டியவர் யார்?

திரையில் கண்டது மனதில் எளிதில் பதிந்துவிடுகிறது. உண்மை நிகழ்வைத் தழுவிய படம் என்றால், அதையே வரலாறாக நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆலன் பார்க்கர் இயக்கி, 1988ம் ஆண்டு வெளியான 'மிசிசிப்பி பர்னிங்' இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

1964ம் ஆண்டு ஜூன் 16ம் தேதி, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கறுப்பின மக்களின் மவுண்ட் சீயோன் மெத்தடிஸ்ட் ஆலயத்தை, 'கூ க்ளக்ஸ் கிளான்' என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் தீக்கிரையாக்கியது. கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்துவந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கிள் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள், எரிந்துபோன அந்த ஆலயத்தைப் பார்க்க ஜூன் 21ம் தேதி சென்றனர். திரும்பும் வழியில் கைதுசெய்யப்பட்டனர். இரவில் விடுவிக்கப்பட்ட அவர்களைத் துரத்திப் பிடித்துச் சுட்டுக் கொன்றது அக்கும்பல். 44 நாள்களுக்குப் பின், ஒரு மண் அணைக்கு அடியில் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன.

மூவரில் சேனி மட்டுமே கறுப்பினத்தவர், அந்த மண்ணின் மைந்தர், வயது 21. அன்று வாகனத்தை ஓட்டியவர் அவர்தான். படத்திலோ, வெள்ளை இன இளைஞர் ஓட்ட, கறுப்பின இளைஞர் பின்னால் அமர்ந்திருக்கிறார். மூவரின் பெயர்களும் படத்தில் சொல்லப்படவில்லை. எப்.பி.ஐ. அதிகாரிகளான இரு வெள்ளையரே கதாநாயகர்கள். அதே காலத்தில் எப்.பி.ஐ., மார்ட்டின் லூத்தர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. ஆபத்தை அறிந்தே போராடிய மக்கள், படத்தில் அஞ்சி ஒடுங்கியவர்களாகவே பெரிதும் தோன்றுகின்றனர். கிங்கின் துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங் இதைக் கண்டித்தார்.

கலைக்குக் கற்பனை தேவை. உரையாடலை மாற்றலாம், நாள்களைச் சுருக்கலாம். ஆனால், துன்புற்றவர்களின் துணிவை எடுத்து வேறொருவருக்குக் கொடுப்பது, அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி அல்லவா?

குற்றவாளிகள் தண்டனை பெறுவதோடு படம் முடிகிறது. உண்மையில், 1967ல் எழுவர் சதிக்குற்றத்திற்காக மட்டுமே தண்டிக்கப்பட்டனர். கொலைகளைத் திட்டமிட்ட எட்கர் ரே கில்லன், 41 ஆண்டுகள் கழித்து, 2005ம் ஆண்டு ஜூன் 21ம் தேதிதான் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். அத்தனை ஆண்டுகள் அக்குடும்பங்கள் காத்திருந்தன.

இத்தகைய படங்களை நம் பிள்ளைகளோடு பார்ப்போம். பார்த்து முடித்ததும், 'உண்மையில் வாகனத்தை ஓட்டியவர் யார்?' என்று கேட்கவும் அவர்களைப் பழக்குவோம்.