இணையத்துக்கு ரெண்டு பக்கமும் காசா?

படம் பார்க்க மாதச் சந்தா. வீட்டு இணையத்துக்குத் தனிக் கட்டணம். ரெண்டுமே உங்க பாக்கெட்டிலிருந்துதான். இணையச் சேவை நிறுவனம் காணொளித் தளத்திடமும் பணம் கேட்டால்?

தென்கொரியாவில் அதுதான் நடந்தது. 2021இல் 'ஸ்குவிட் கேம்' வந்ததும் தரவுப் போக்குவரத்து எகிறியது. கட்டமைப்புச் செலவில் பங்கு கேட்டு எஸ்கே பிராட்பேண்ட், நெட்ஃபிளிக்ஸ்மீது வழக்குத் தொடுத்தது. 2023இல் சமரசம்.

ஆனால் கட்டமைப்புக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று டுவிட்ச் 2024 பிப்ரவரியில் அங்கு சேவையை நிறுத்தியது.

பணம் தரும் தளத்துக்கு வேகம், தராத தளத்துக்குத் தாமதம் என்று ஆகக்கூடாது. அதுதான் 'இணையச் சமநிலை'. அது தளர்ந்தால் பெரிய தளங்கள் செலவை உங்க சந்தாவில் ஏற்றிச் சமாளிக்கலாம். சின்னத் தளங்கள்? காணாமலே போகலாம்.