உலோகத்தின் உள்ளமைப்பும் வலிமையும்

பழுக்கக் காய்ந்த உருக்கைத் தண்ணீரிலே தோய்த்தால் அது வன்மை பெறும் என்பது நம்மூர்க் கொல்லன் நன்கறிந்த செய்தி. தோய்ப்பதனால் இரும்பிலுள்ள காபனின் அளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மாறுவது அணுக்களின் ஒழுங்கே. உலோகமொன்றின் இயல்பை அறிய, அதில் எவை உள என்பதோடு அவை எங்ஙனம் அமைந்துள்ளன என்பதையும் அறிதல் வேண்டும். அலுமினியக் கலப்புலோகம் ஒன்றின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1906ஆம் ஆண்டில், பேர்லின் நகருக்கு அண்மையில், அல்பிரட் வில்ம் என்னும் அறிஞர் அலுமினியத்தையும் உருக்கைப் போலத் தோய்த்து வலுப்படுத்த முயன்றார். நூற்றுக்கு நான்கு பங்கு செம்பும் அரைப்பங்கு மகனீசியமும் கலந்த அலுமினியத்தை 500 பாகை செல்சியசுக்கு மேற் காய்ச்சி நீரில் தோய்த்தார். எதிர்பார்த்த வன்மை கிட்டவில்லை. ஆனால், சனிக்கிழமை சோதித்த துண்டை ஓய்வுநாள் கழிந்தபின் மீண்டும் சோதித்தபோது, அது முன்னிலும் மிக வலுத்திருந்தது என்பர். எவருந் தொடாது மேசைமேற் கிடந்த உலோகம் தானே வலிமை பெற்றுவிட்டது! டூரலுமின் என்று பின்னர் பெயர்பெற்றதும், செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குச் சட்டகமானதும் இதுவே.

காரணம் யாது? நுணுக்குக்காட்டியில் வலுவற்ற துண்டும் வலுத்த துண்டும் ஒன்றுபோலவே தோன்றின. 1919இல் அமெரிக்கரான மெரிக்காவும் அவர்தம் துணைவரும் வழிகாட்டினர். சூடான சீனிப்பாகு ஆறும்போது மிகையான சீனி பளிங்காகப் பிரிவதுபோல, சூடான அலுமினியத்திற் கரைந்த செம்பும் ஆறும்போது பிரிய முயல்கின்றது. சடுதியாகத் தோய்த்தால் அதற்கு அவகாசமில்லை. செம்பணுக்கள் சிறைப்பட்டு நின்று, பின்னர் மெல்லமெல்ல ஒன்றுகூடுகின்றன. 1938இல் பிரான்சிற் கினியேயும் இங்கிலாந்திற் பிரெஸ்டனும் தனித்தனியே எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்து, இரண்டோர் அணுத் தடிப்பேயுள்ள நுண்தட்டுகளாகச் செம்பு திரள்வதைக் கண்டனர்.

இச்சிறு தட்டுகள் வலிமை தருவது எப்படி? அகன்ற சமுக்காளத்தை ஒருங்கே இழுப்பது அரிது. ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி அதனைத் தள்ளிச் சென்றால் எளிதில் நகரும். உலோகம் வளைவதும் இவ்வாறே. பளிங்கினுள் அணுவரிசையின் பிழைகள் மடிப்புப்போல் ஊர்ந்து செல்ல, அணுத்தளங்கள் ஒன்றன்மேலொன்று வழுக்குகின்றன. 1934இல் டெய்லர், ஒறோவன், பொலானி ஆகியோர் இக்கருத்தை வெளியிட்டனர். ஊரும் பிழையை நெருங்கிய தட்டுகள் வழிமறிக்கின்றன. உலோகம் வளைய மறுக்கின்றது.

நெருக்கமே இங்கு முக்கியம். மிகைச்சூட்டில் நெடுநேரம் வைத்தாற் சிறு துகள்கள் கரைந்து பெரியவை மேலும் பருக்கின்றன; இடைவெளி அகல, பிழைகள் புகுந்து செல்கின்றன. தீயின் வெப்பம் பட்ட விமானத் தகடு வலுவிழந்திருக்கலாம். இரசாயனப் பகுப்போ அதில் ஒரு குறையும் காட்டாது. எனவேதான் அத்தகட்டின் வன்மையையும் மின்கடத்துதிறனையும் அளந்து பார்க்கின்றனர்.

விமானத் தகடுகளைப் பிணைக்கும் தறையாணிகள் சிலவற்றைத் தோய்த்தவுடன் உறைகுளிரில் வைப்பர். குளிரில் அணுக்கள் நகர்வது அரிதாகையால் ஆணி மென்மையாகவே இருக்கும். அடித்து இறுக்கியபின், பொருந்திய இடத்திலேயே அது வலுக்கும்.

ரைட் சகோதரர் 1903இற் பறக்கவிட்ட விமானத்தின் இயந்திரப் பெட்டி, அலுமினியமுஞ் செம்புங் கலந்து வார்த்தது. 1994இல் வெளிவந்த ஆய்வொன்று, அவ்வார்ப்பினுள்ளும் இத்தகைய செம்புத் திரள்கள் இருப்பதைக் காட்டிற்று. வில்ம் கண்டறிவதற்கு மூன்றாண்டு முன்னரே, செய்தவரும் அறியாவகையில், அச்சு மெல்ல ஆறியபோது அவை உண்டாயிருந்தன.