தொழில் பழகு – 9: ரிமோட் பிடித்தவரெல்லாம் பைலட்டா?

மாப்பிள்ளை அழைப்பை மேலே பறக்கும் ட்ரோனில் படம்பிடிக்கும் தம்பியிடம், "சான்றிதழ் இருக்கா?" என்று பெண் வீட்டார் யாரும் கேட்பதில்லை. ஆனால் பாலம் கட்டும் ஒப்பந்தக்காரர் கேட்பார். நில அளவைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் கேட்கும். கல்யாண மண்டபத்தோடு நின்றுவிடாமல் அடுத்த படிக்குப் போக நினைப்பவர்களுக்காகத்தான் இந்த வாரம்.

முதலில் சட்டம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்து வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை 'நானோ'; இதற்குச் சான்றிதழ் வேண்டாம். அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. ஆசைக்குப் பறக்கவிட்டால் வேண்டாம், தொழிலாகச் செய்தால் வேண்டும். அதைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் சான்றிதழ் கட்டாயம். 18 வயது நிரம்பி 65 வயதுக்கு உட்பட்டவராக, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவராக இருந்தால் பயிற்சியில் சேரலாம். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

"யூடியூப் பார்த்தே ஓட்டிடலாமே, இதுக்குப் பயிற்சி எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மேலே ஏற்றி இறக்குவதை அப்படிக் கற்றுவிடலாம்தான். ட்ரோன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும்வரை இடது இடதுதான், வலது வலதுதான். அது திரும்பி நம்மைப் பார்த்த நொடியில் எல்லாம் மாறிவிடும். வலப்பக்கம் தள்ளினால் நம் இடப்பக்கம் போகும். பதற்றத்தில் கை தவறுவது இங்கேதான். ஜிபிஎஸ் கிடைக்கும்வரை ட்ரோன் நின்ற இடத்திலேயே நிற்கும். அது போய்விட்டால் காற்று இழுத்த பக்கம் நழுவும். இத்தனையையும் முதலில் சிமுலேட்டரில், பிறகு மைதானத்தில் பயிற்றுநர் பக்கத்தில் நிற்கப் பழக்குகிறார்கள். வானிலை, பேட்டரிப் பராமரிப்பு, வான்வெளி வரைபடம் ஆகியவையும் பாடத்தில் உண்டு. பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தரையை விட்டே எழும்பக் கூடாது.

இந்தப் பயிற்சியின் அருமை வயலில் நன்றாகத் தெரியும். முதுகில் டேங்கைச் சுமந்து சேற்றில் நடந்து மருந்தடிப்பவர், அந்த மருந்தை மூச்சோடும் இழுக்கிறார். ஏக்கருக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் கலக்க வேண்டும். ட்ரோனுக்குச் சுமார் 10 லிட்டர் போதும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் தண்ணீர் குறையக் குறைய மருந்து அடர்த்தியாகிறது. காற்றின் வேகம் பார்க்காமல், உயரம் கணிக்காமல் அடித்தால் அது பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலிலோ மீன்குட்டையிலோ போய் விழும். இன்றைக்குப் பறக்க வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல பைலட். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தரும் மத்திய அரசின் 'நமோ ட்ரோன் தீதி' திட்டம், 15 நாள் பயிற்சியில் மருந்தும் உரமும் தெளிக்கும் முறைக்குத் தனியாக இடம் ஒதுக்கியிருப்பதும் இதனால்தான்.

இன்னொரு நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. நானோவைத் தவிர மற்ற ட்ரோன்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். விபத்து நடந்து இழப்பீடு கோரும்போது, ஓட்டியவரிடம் சான்றிதழ் இருந்ததா என்ற கேள்வி கட்டாயம் வரும். இல்லையென்றால் அடுத்தவர் கார் கண்ணாடிக்கும் உடைந்த மண்டைக்கும் உங்கள் சட்டைப்பையிலிருந்துதான் பணம் போகும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சான்றிதழ் வேலைக்குத் தகுதியைத் தரும், வேலையைத் தராது. பறக்கவிட மட்டும் தெரிந்தவர்களுக்குள் போட்டி கடுமை. அதோடு நில அளவையோ, வரைபடம் தயாரிக்கும் மென்பொருளோ, பயிர்ப் பாதுகாப்போ, வீடியோ எடிட்டிங்கோ தெரிந்தவருக்கே கூலி கூடும். சிவில் டிப்ளமோ முடித்தவரும் வேளாண்மை படித்தவரும் இதைத் தங்கள் படிப்போடு சேர்த்துக்கொண்டால் லாபம்.

சேரும் முன் மூன்றைப் பாருங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின், அதாவது டிஜிசிஏவின், அங்கீகாரம் அந்த நிறுவனத்துக்கு இருக்கிறதா? எந்த எடை வகைக்கான சான்றிதழ் தருகிறார்கள்? மைக்ரோவுக்கு வாங்கியதை வைத்துக்கொண்டு மருந்தடிக்கும் ட்ரோனைத் தொட முடியாது. ஒவ்வொருவர் கையிலும் எவ்வளவு நேரம் ரிமோட் இருக்கும்? நிறுவனம் தன் பெயரில் அச்சடித்துத் தரும் 'பயிற்சி முடித்தார்' தாள் வேறு, சட்டப்படியான தொலைவிமானிச் சான்றிதழ் வேறு. கட்டணம் கட்டும் முன் எது கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்த ட்ரோனைக் கடனில் வாங்குவதா, வாடகைக்கு எடுத்து ஓட்டுவதா? அந்தக் கணக்கை அடுத்த வாரம் போட்டுப் பார்ப்போம்.

(தொடரும்)