கேட்டுப் பழகுவோம்

கூட்டாக ஆடும் விளையாட்டில் ஒருவன் தன் பிழையைத் தானே காண்பது அரிது. ஹாக்கியில் பெனால்டி கார்னர் எடுக்கும் முறையை நோக்குங்கள். ஒருவர் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுகிறார், மற்றொருவர் வட்டத்துக்கு வெளியே அதை நிறுத்துகிறார், மூன்றாமவர் அடிக்கிறார். அடி பிசகினால் பழி மூன்றாமவர் தலையில் விழும். ஆயினும், பந்து துள்ளி வந்ததா, ஒரு சாண் விலகி நின்றதா என்பதை நிறுத்தியவரே அறிவார். அவரைக் கேளாமல் நூறு முறை அடித்துப் பழகி என்ன பயன்? பழுது வேறிடத்திலன்றோ இருக்கிறது!

கபடியிலும் இதே கதைதான். மூலையில் நிற்பவர் பாடி வருபவரின் காலைப் பிடிக்கப் பாய்கிறார். முந்திப் பாய்ந்தாரா, பிந்திப் பாய்ந்தாரா என்பது கைகோத்து நின்ற பக்கத்து ஆட்டக்காரருக்கே தெரியும். ஒரு பாட்டுக்கு 30 வினாடிதான். அதற்குள் ஆராய இடமேது? மூச்சு வாங்கும் நேரத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எப்படிக் கேட்பது? "என் ஆட்டம் எப்படி?" என்றால் "நன்று" என்பார்கள். அது வெறும் முகமன். "நான் பாய்ந்தபோது அவன் கால் தரையில் இருந்ததா, தூக்கிவிட்டானா?" என்று கேட்டுப் பாருங்கள், விடையில் சரக்கு இருக்கும். அதற்காக ஒவ்வோர் அசைவுக்கும் கேட்டு நண்பர்களை ஓட ஓட விரட்ட வேண்டாம். எப்போது கேட்பது என்பதைப் பயில்பவரே முடிவு செய்தால் கற்றது நன்கு நிலைக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர். சிவியாகோவ்ஸ்கி, உல்ஃப் என்னும் இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வியப்பு: பயில்வோர் பெரும்பாலும் தம் முயற்சி நன்றாக அமைந்ததாகத் தோன்றிய பிறகே கேட்டார்களாம். தவறியபோது மட்டுமே கேட்கவேண்டும் என்று எண்ணும் நமக்கு இது புதுச் செய்தி அல்லவா?

நம் புனே நகரிலேயே இதற்குச் சான்று உண்டு. தனராஜ் பிள்ளை 1968-இல் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில், உடைந்த மட்டைகளைக் கட்டி ஒட்டி ஆடிய சிறுவர் அவர். முகம்மது ஷாகித்தின் ஆட்டத்தைப் பார்த்துப் பின்பற்ற முயன்றார். ஆனால், பார்த்துக் கற்பதற்கும் ஓர் எல்லை உண்டு; ஷாகித் வந்து இவர் பிழையைச் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல வீட்டிலேயே ஓர் ஆட்டக்காரர் இருந்தார், அண்ணன் ரமேஷ். பின்னர் பம்பாய் சென்று அண்ணனின் வழிகாட்டலிலும், அப்பால் ஜோக்கிம் கார்வாலோவின் பயிற்சியிலும் தேர்ந்தார். நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 1998 ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது.

எல்லோருக்கும் அத்தகைய அண்ணன் வாய்ப்பதில்லை. கோர்படியில் தங்கியிருக்கும் நம் மாணவர் பலருக்கு மொழியும் ஒரு தடை. மராத்தியில் பயிற்சியாளர் விரைந்து சொல்வது புரியாமல் தலையாட்டிவிட்டு, மறுபடியும் அதே பிழையைச் செய்தால், பார்ப்பவர் அதைத் திமிர் என்றே கொள்வர். குழு தேர்வாகும் நாளில் பெயர் விடுபடுவது இப்படித்தான். "பரத் சாங்" என்றால் "மீண்டும் சொல்" என்று பொருள். தோழனிடம் இது போதும். பயிற்சியாளரிடம் "பரத் சாங்கா" என்று மரியாதையோடு கேளுங்கள். சொல் விளங்காவிட்டால் மட்டையைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். கைக்கு மொழி வேண்டியதில்லை.